அல்கொன்குயினில் லூன்: எந்த மாதம், எந்த ஏரி, எந்த வள்ளம், எந்த லென்ஸ்

ரொறன்ரோவிலிருந்து கோடையில் அல்கொன்குயின் மாகாணப் பூங்காவுக்குக் காம்பிங் போகும் நம் ஆட்களில் கமரா வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 600 மில்லிமீற்றர் வேண்டுமா, 400 போதுமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று. லூன் என்ற நீர்ப்பறவையைப் பொறுத்தவரை நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எந்த மாதம் போகிறீர்கள், ஒரே ஏரியில் எத்தனை காலைகள் இருக்கப்போகிறீர்கள் என்ற இரண்டும் சரியாக அமைந்தால் சாதாரண லென்ஸே நல்ல படம் தரும். அவை இரண்டும் பிழைத்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைத்தான் காட்டும்.

ஏன் அப்படி என்பதற்குப் பறவையையே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்ராறியோவின் மாகாணப் பறவை அது. 1987 முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பதும் அதுதான். கால்கள் உடலின் கடைசியில் பொருந்தியிருப்பதால் நீரில் அதற்கு நிகரில்லை, நிலத்திலோ நேராக எழுந்து நடக்கவே சிரமப்படும். ஆகையால் கூடு கட்ட மட்டும்தான் கரையேறும். அதையும் தண்ணீரிலிருந்து ஓரடி தள்ளித்தான் கட்டும். மற்றப் பறவைகளைப்போல் எலும்புக்குள் காற்று நிறைந்ததல்ல, பெரும்பாலும் கனத்த எலும்புகள். மூழ்குவதற்கு அது வசதி, பறக்க எழும்புவதற்குச் சிரமம். மேலே கிளம்ப வேண்டுமென்றால் காற்றைப் பொறுத்து 30 மீற்றரிலிருந்து சில நூறு மீற்றர் வரை தண்ணீரின்மேல் ஓட வேண்டும். எனவே ஆள் கிட்டப் போனால் லூன் பறப்பதில்லை, மூழ்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் வேறெங்கோ எழும். எங்கே எழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. துரத்திப் படம் எடுக்கவே முடியாத பறவை இது. அதுவாக உங்கள் பக்கம் வந்தால்தான் உண்டு.

சரி, மாதத்துக்கு வருவோம்.

ஏரிப் பனி உடையும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் லூன்கள் கடலோரங்களிலிருந்து திரும்பி வந்துவிடும். மே மாதத்தில் இலை இல்லாத கரைகள், ஆட்கள் இல்லாத ஏரிகள், புத்தம்புதுச் சிறகுடன் பறவைகள் என்று எல்லாம் சேர்ந்து ஆசை காட்டும். ஆனால் தண்ணீர் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் குளிர். வள்ளம் கவிழ்ந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடங்களில் கைகால் விறைத்துவிடும். மே நடுவிலிருந்து யூன் நடுவரை பிளாக் ஃபிளை என்ற சின்ன ஈக்கள் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கடித்து இரத்தம் வரவைக்கும். அதோடு நுளம்பும் சேர்ந்துகொள்ளும். பெரிய காரணம் இன்னொன்று. மே கடைசியும் யூனும் அடைகாக்கும் காலம். பெரும்பாலும் இரண்டு முட்டை, ஏறத்தாழ 28 நாள், ஆணும் பெண்ணும் மாறி மாறி இருக்கும். அந்த நேரத்தில் கமராவோடு கரையோரமாகத் திரிபவரால் கூட்டுக்குத்தான் ஆபத்து. யூனை நான் யாருக்கும் சொல்வதில்லை.

செப்டெம்பருக்கு வேறு அழகு. காலையில் ஏரி முழுக்க மூடுபனி எழும், மாதக் கடைசியில் மேப்பிள் சிவக்கும், ஈயும் நுளம்பும் இல்லை. ஆனால் பெரிய பறவைகளின் அலகைச் சுற்றிச் சாம்பல் நிற இறகுகள் தலைகாட்டத் தொடங்கிவிடும், பல கிளம்பியும் விடும். மிஞ்சுவது பெரும்பாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள், சாம்பலும் பழுப்புமாக. நிலக்காட்சிக்குள் ஒரு சின்னப் பறவை போதும் என்பவருக்குச் செப்டெம்பர் நல்ல மாதம். சிவப்புக் கண்ணும் கழுத்து மாலையும் முதுகுச் சதுரங்களும் வேண்டும் என்பவருக்கு அல்ல.

ஆகவே போட்டி யூலைக்கும் ஓகஸ்ட்டுக்கும் இடையில்தான். குஞ்சு தாய் தந்தையின் முதுகில் சவாரி செய்யும் படம்தான் எல்லோருக்கும் வேண்டியது. அது பொரித்த முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம் கிடைக்கும். அல்கொன்குயினில் யூன் நடுவுக்குப் பின்னும் யூலைத் தொடக்கத்திலும் பெரும்பாலான முட்டைகள் பொரித்துவிடும். முதல் கூடு அழிந்துபோன சோடிகள் மறுபடி முட்டையிட்டிருந்தால் யூலை நடுவிலும் சின்னக் குஞ்சைக் காணலாம். ஓகஸ்ட்டில் குஞ்சுகள் பெரிதாகிவிடும், முதுகில் ஏறாது. ஆனால் அப்போது வளர்ந்த பறவைகள் சிறு கூட்டமாகக் கூடி வட்டமாக நீந்தி, தலையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் பார்க்கும் காட்சி உண்டு. காலை மூடுபனியும் யூலையைவிட அதிகம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தண்ணீர் நன்றாகச் சூடேறியிருக்கும் ஓகஸ்ட் வசதி. லூனுக்காகவே போகிறவர் என்றால் யூலை முதல் இரண்டு வாரம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

அடுத்தது இடம். 1893-இல் உருவான இந்தப் பூங்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன, ஓரளவு பெரிய ஏரி எதிலும் ஒரு லூன் சோடியாவது இருக்கும். எனவே லூன் எங்கே இருக்கிறது என்று தேடத் தேவையில்லை. எங்கே அமைதியாக இருக்கும், நீங்கள் எங்கே பாதுகாப்பாக வள்ளம் வலிக்கலாம் என்று பார்த்தால் போதும்.

முதல் வழி நெடுஞ்சாலை 60-ஐ ஒட்டிய கார் காம்பிங். லேக் ஒஃப் டூ றிவர்ஸ், றொக் லேக் போன்ற இடங்களில் காரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே கூடாரம் அடித்து, காலையில் வள்ளத்தைத் தண்ணீரில் விடலாம். குளிக்க வசதி உண்டு, கமரா பற்றரியைக் காரிலேயே சார்ஜ் பண்ணலாம். வயதானவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்றால் இதுதான் சரி. குறை என்னவென்றால் ஆட்கள். ஒன்பது மணிக்குள் ஏரியில் சத்தம் தொடங்கிவிடும். ஐந்தரைக்கு எழும்ப மனமிருந்தால் இந்தக் குறை பெரிதல்ல, அந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் தூக்கம்.

இரண்டாவது ஒபியோங்கோ. பூங்காவின் மிகப் பெரிய ஏரி, மூன்று பெரிய கைகளாக விரிந்து கிடக்கிறது. வோட்டர் டாக்சி பிடித்தால் சாமானோடு வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு தூரத்துக் கரையில் இறக்கிவிடுவார்கள். கனமான கமராப் பெட்டியைத் தோளில் சுமக்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அங்கே மோட்டார் படகுகளுக்கு அனுமதி உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் அலை வள்ளத்துக்குள் வந்து விழும். அனுபவம் இல்லாதவர் ஒபியோங்கோவின் நடுவில் 600 மில்லிமீற்றர் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பரந்த ஏரியில் பறவையும் உங்களிடமிருந்து தூரப் போக இடம் அதிகம்.

மூன்றாவது, நான் விரும்புவது: ஒரே ஒரு போர்ட்டேஜ் (ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் வள்ளத்தையும் சாமானையும் தூக்கி நடக்கும் பாதை) தாண்டிப் போகும் ஏரி. கனோ லேக்கில் வள்ளத்தை இறக்கி வடக்கே வலித்தால் ஜோ லேக்குக்கு முன் ஒரு குறுகிய போர்ட்டேஜ் வரும், 300 மீற்றருக்குள்தான். அதைத் தாண்டிவிட்டால் டீப்பி, லிட்டில் டோ ஏரிகள் வழியாக டொம் தொம்ஸன் ஏரிவரை மறுபடி சாமான் சுமக்காமல் போகலாம். ஓவியர் டொம் தொம்ஸன் 1917-இல் இறந்தது கனோ லேக்கில்தான், அவருடைய பெயரைத்தான் இந்த ஏரி தாங்கியிருக்கிறது. இந்த வழியில் ஆள் நடமாட்டம் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காரிலிருந்து வந்துபோகிறவர்களில் பெரும்பாலானோர் ஜோ லேக்கோடு திரும்பிவிடுவார்கள். இன்னும் உள்ளே, மூன்று நான்கு போர்ட்டேஜ் தாண்டிப் போனால் ஏரி உங்களுக்கே சொந்தம்போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு போர்ட்டேஜையும் இரண்டு தடவை நடக்க வேண்டியிருக்கும், ஒரு தடவை வள்ளத்துக்கு, ஒரு தடவை கமராவுக்கும் சாப்பாட்டுக்கும். களைத்துப்போன உடம்பு விடியற்காலையில் எழும்பாது. லூன் படத்துக்கு விடியற்காலைதான் எல்லாம்.

முதல் தடவை போகிறவருக்கு இடையில் இன்னொரு தெரிவு உண்டு. கனிஸ்பே ஏரியில் வள்ளத்தில் மட்டும் போய்ச் சேரக்கூடிய கூடாரத் தளங்கள் இருக்கின்றன, போர்ட்டேஜே கிடையாது. ஒரு வார இறுதிக்கு அது போதும்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் விசயம். தினமும் ஒரு ஏரியாகச் சுற்றி வருவதா, ஒரே இடத்தில் தங்குவதா? வழக்கமாக வள்ளம் வலிக்கிறவர்கள் சுற்றி வரத்தான் விரும்புவார்கள், வரைபடத்தில் அது வடிவாகவும் இருக்கும். படம் எடுக்கிறவருக்கு அது நட்டம். லூன் சோடி ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை உண்டு, கோடை முழுக்க அதே குடாவில், அதே பாறையைச் சுற்றித்தான் வாழும். முதல் நாள் மாலை எங்கே மீன் பிடிக்கிறது, எந்தப் பக்கத்தில் குஞ்சை விட்டுவிட்டு மூழ்குகிறது என்று கரையிலிருந்து பைனாக்குலரில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த காலை வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குடாவில் விழும்படி போய் நின்றுகொள்ளலாம். மூன்றாவது காலைக்குள் அதே வள்ளம் அதே இடத்தில் அசையாமல் நிற்பதைப் பறவை கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். அப்போதுதான் நல்ல படங்கள் வரும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பெரிய பறவை மூழ்கி, நுனி அலகில் ஒரு சின்ன மீனோடு எழுகிறது. குஞ்சு கீச்சிட்டுக்கொண்டே தண்ணீரைக் காலால் அடித்து ஓடிவருகிறது. மீன் கைமாறும்போது நழுவி விழுகிறது. தாய் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு அதை எடுத்து மறுபடி நீட்டுகிறது. மறுபடி நழுவுகிறது. மறுபடி எடுக்கிறது. குஞ்சின் வாயில் மீன் தலைப்பக்கமாகச் சரியாக நுழையும்வரை இது நடக்கும். வள்ளத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இதைப் பார்த்தவருக்கு அடுத்த நாள் வேறு ஏரிக்குப் போகும் எண்ணமே வராது. சுற்றிக்கொண்டே இருப்பவர் முதல் நழுவலிலேயே கடந்து போயிருப்பார்.

இன்னொன்றையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பழகலாம். லூன் செட்டை விரித்து எழுந்து நிற்கும் படம் தற்செயலாகக் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பறவை முதலில் குளிக்கும். பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு இறகு கோதும். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகாலும் தலையாலும் எடுத்து உடலெங்கும் பூசும். இதெல்லாம் முடியும் கட்டத்தில், பெரும்பாலும், தண்ணீரில் நேராக நிமிர்ந்து செட்டைகளை உதறும். கோதுவதைக் கண்டதுமே கமராவின் ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனுக்கு மாற்றி, சட்டத்துக்குள் இரு பக்கமும் செட்டைக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். உதறல் இரண்டு மூன்று செக்கனில் முடிந்துவிடும்.

எதில் இருந்து எடுப்பது? வள்ளம், கயாக், கரை என்று மூன்று வழி. கயாக்கில் நீர்மட்டத்துக்கு மிகக் கிட்ட இருப்பீர்கள், அதனால் படத்தில் பறவை கண்ணுக்கு நேராக வரும், பின்னணி மென்மையாக மங்கும். காற்றும் அதிகம் தள்ளாது. ஆனால் இரு பக்கத் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டி மடியில் விழும், பெரிய லென்ஸை வைக்க இடம் இருக்காது, போர்ட்டேஜில் தூக்குவதும் தொல்லை. வள்ளம் இரண்டு பேருக்கானது, அதுதான் அதன் பலம். பின்னால் இருப்பவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருக்க, முன்னால் இருப்பவர் படம் மட்டும் எடுக்கலாம். கெவ்லார் என்ற இலேசான செயற்கை நாரால் செய்த வள்ளம் 20 கிலோ அளவில்தான் இருக்கும், பழைய அலுமினிய வள்ளம் 30 கிலோவைத் தாண்டும். வாடகைக்கு எடுக்கும்போது அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண் அல்ல. இருக்கையில் இருந்து எடுக்காதீர்கள், கோணம் உயர்ந்துவிடும். வள்ளத்தின் தரையில் முழங்காலிட்டு அல்லது உட்கார்ந்து முழங்கையை விளிம்பில் ஊன்றுங்கள். வள்ளமும் நிலையாக நிற்கும். முக்காலியைக் காரிலேயே விட்டுவிடலாம்.

கரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கூடாரத் தளம் கிடைத்தால், பாறையில் குப்புறப் படுத்து எடுக்கும் படம் கயாக்குக்கு ஈடான கோணம் தரும், கையும் ஆடாது. தனியாகப் போகிறவருக்கும் நீச்சல் தெரியாதவருக்கும் நான் கரையைத்தான் சொல்வேன். எதில் போனாலும் உயிர்காப்பு அங்கி உடலில் இருக்க வேண்டும், வள்ளத்தின் தரையில் அல்ல.

தூரத்தைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 50 மீற்றருக்கு உள்ளே நீங்களாகப் போகாதீர்கள். நீங்கள் அசையாமல் இருக்கும்போது பறவை தானாகக் கிட்ட வந்தால் அது அதன் விருப்பம். அதன் குரலைக் கேட்டுப் பழகுங்கள். நீண்ட ஊளை ஒன்று, அது சோடியையோ குஞ்சையோ தேடுவது. நடுங்கும் சிரிப்புப்போல வருவது பதற்றம். அது உங்களைப் பார்த்து வந்தால் பின்வாங்குங்கள். ஆண் மட்டும் போடும் ஏறி இறங்கும் கூவல், எல்லைக்குள் வராதே என்பது. தண்ணீரில் நிமிர்ந்து நின்று நெஞ்சை முன்தள்ளிக் காலால் நீரை அடிக்கும் காட்சியைப் படமாகப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். பல வேளைகளில் அது குஞ்சுக்கு ஆபத்து என்று நினைத்த பறவையின் கடைசிக்கட்ட எதிர்ப்பு. உங்களால் அது நடந்தால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. கூட்டில் இருக்கும் பறவை கழுத்தைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டிப் படுத்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் கிட்டப் போய்விட்டீர்கள். அது எழுந்து ஓடினால் கடற்காகமோ அண்டங்காகமோ முட்டையை எடுத்துவிடும். கைபேசியில் லூன் குரலைப் போட்டு அழைப்பதும் அதே தீங்குதான். அந்த ஆண் இல்லாத எதிரியோடு காலை முழுக்கச் சண்டைக்கு நிற்கும், குஞ்சு பசியோடு இருக்கும். ட்ரோனுக்குப் பூங்காவில் அனுமதி இல்லை. மீன்பிடிக்கிறவர் உங்களோடு வந்தால் ஈயக் குண்டுகளை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு சின்ன ஈயக்குண்டை விழுங்கினாலே லூன் செத்துவிடும்.

இப்போது லென்ஸ். 50 மீற்றர் என்று தூரத்தை வைத்துக்கொண்டால் 400 மில்லிமீற்றரில் பறவை சூழலோடு தெரியும், 600-இல் பறவை பேசும். சோனி 200-600, நிக்கோன் 180-600, சிக்மா 150-600 எல்லாம் இரண்டு கிலோ அளவில். கரையிலிருந்தும் கார் காம்பிங்கிலும் இவைதான் நல்லவை. போர்ட்டேஜ் இருந்தால், மணிக்கணக்காக வள்ளத்தில் கையில் பிடிக்க வேண்டியிருந்தால், ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் கனன் ஆர்எஃப் 100-500 போன்றதையே எடுப்பேன். ஆடும் வள்ளத்தில் கடைசி 100 மில்லிமீற்றரைவிடக் களைக்காத கை பெரிது. தனியாகப் பெரிய லென்ஸ் வாங்க விருப்பமில்லாதவர் சோனி ஆர்எக்ஸ்10 நான்கு போன்ற, லென்ஸ் பொருத்தியே வரும் கமராவைக் கொண்டுபோகலாம். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் கூட, 600-க்கு இணையான தூரம் கிடைக்கும். மங்கிய வெளிச்சத்தில் பின்தங்கும், அவ்வளவுதான்.

வெளிச்ச அளவில் கவனிக்க ஒன்றே ஒன்று. கறுத்த தலையையும் இருண்ட தண்ணீரையும் பார்த்து கமரா படத்தை வெளிறச் செய்யும், நெஞ்சின் வெள்ளை எரிந்துபோகும். அரையிலிருந்து ஒரு படி குறைத்து எடுங்கள். சூரியன் தாழ இருந்து நேராக முகத்தில் விழும்போதுதான் கண்ணின் சிவப்பு எரியும். யூலையில் அது ஆறிலிருந்து எட்டு மணிவரை. குறைந்தது மூன்று பற்றரி வேண்டும். வெளியே குளிரில் இருந்த கமராவைக் கூடாரத்துக்குள் ஈரமான சூட்டுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். தண்ணீர் புகாத பெட்டிக்குள் மூடி வெளியிலேயே வைத்துவிடுங்கள்.

கையில் இரண்டு இரவு மட்டும் இருந்தால், குடும்பமாக இருந்தால், கனிஸ்பே அல்லது நெடுஞ்சாலையோரத் தளம், கரையிலிருந்து 600. நான்கு ஐந்து இரவும் வள்ளம் வலிக்கத் தெரிந்த ஒரு துணையும் இருந்தால் டொம் தொம்ஸன் ஏரி, யூலை முதல் பாதி, ஒரே தளம், கெவ்லார் வள்ளம், இலகுவான லென்ஸ். கனடா தின நீண்ட வார இறுதியைத் தவிர்த்து அதற்கடுத்த திங்கட்கிழமை உள்ளே போனால் ஏரி கொஞ்சம் ஓய்ந்திருக்கும். மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸில் முன்பதிவு ஐந்து மாதத்துக்கு முன்னரே திறக்கும். யூலை 6-க்கு இடம் வேண்டுமென்றால் பெப்ரவரி 6 காலை கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். உட்பகுதி ஏரிகளுக்கு டின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை உண்டு, சாப்பாட்டுத் திட்டத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள்.